இருபது மூஞ்சித் தாயக்கட்டை

"வீக்கெண்டு என்ன பண்ணீங்க?"

திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல கேட்கிற இந்தக் கேள்விக்கு நான் எப்பவும் "சும்மா தூங்கினேங்க"ன்னு சொல்லித் தப்பிச்சிடுவேன். ஏன்னா நிஜமான பதில் இது: "நாலு பேரோட மேசையைச் சுத்தி உக்காந்து, இல்லாத ஒரு குகைக்குள்ள போயி, இல்லாத ஒரு பூதத்தை, இருபது மூஞ்சி வெச்ச கட்டையை உருட்டி அடிச்சுட்டிருந்தேன்." இதைச் சொன்னா அடுத்த அப்ரைசல் என்ன ஆகும்னு எனக்கே தெரியல :-)

இன்னிக்கு ஆணி கம்மி. அதனால கொசுவத்தியைச் சுத்தவிட்டு, இந்தப் பழக்கம் எப்படித் தொத்திக்கிச்சுன்னு எழுதிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க மக்கா.

முதல்ல, தெரியாதவங்களுக்காக. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டம். சுருக்கமா டி அண்ட் டி. போர்டு கேம் மாதிரி பெட்டியில வரும், ஆனா போர்டு கட்டாயமில்ல. ஒருத்தர் டஞ்சன் மாஸ்டர், அதாவது டிஎம். கதை சொல்றது, நடுவர் வேலை பாக்கறது, வழியில வர்ற டீக்கடைக்காரர்லேர்ந்து கடைசி வில்லன் வரைக்கும் எல்லா வேஷமும் கட்டறது, எல்லாம் அவர்தான். நம்ம ஊரு கூத்து வாத்தியார்னு வெச்சுக்கோங்களேன். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். டிஎம் ஒரு சூழ்நிலையைச் சொல்லுவார், நாம என்ன செய்யறோம்னு சொல்லணும். அது நடக்குமா நடக்காதாங்கறது சந்தேகமா இருந்தா கட்டையை உருட்டணும். அவ்ளோதான்.

2019 ஆகஸ்ட்ல மாஸ்டர்ஸ் படிக்க மினியாபோலிஸ் போய் இறங்கினேன். ஈரோட்டுப் பக்கத்து கிராமத்துல, பங்குனி வெயில்ல காஞ்ச உடம்பு. நவம்பர்ல பனி கொட்ட ஆரம்பிச்சதும் வெளிய போறதையே நிறுத்திட்டேன். கிளாஸ், லேப், ரூம், தக்காளி சாதம். வாரத்துக்கு நாலு தடவை அதே தக்காளி சாதம். லேப்ல எனக்கு அடுத்த சீட்டுல இருந்த அமெரிக்கப் பையன் ஒருநாள், "சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கு, அஞ்சாவது ஆள் வேணும், வர்றியா?"ன்னான். சாப்பாடு உண்டான்னு கேட்டேன். பீட்சா உண்டுன்னான். கிளம்பிட்டேன்.

2020 ஜனவரி, முதல் ஆட்டம். நாப்பது வயசைத் தாண்டின ஒரு லைப்ரரியன் அம்மாதான் டிஎம். மனசுக்குள்ள நான் வெச்ச பேரு டிஎம் அக்கா. மேசையில ஒரு பெட்டி. 2014ல வந்த ஸ்டார்ட்டர் செட், அப்போ விலை இருபது டாலர். உள்ள ஒரு 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கத்துல ஒரு கதை, ஆறு கட்டைங்க, முன்கூட்டியே தயார் பண்ணின அஞ்சு பாத்திரங்க. மத்த நாலு பேரும் முந்திக்கிட்டு வேணுங்கறதை எடுத்துட்டாங்க. மந்திரவாதி போச்சு, திருடன் போச்சு, வாள்வீரன் ரெண்டு பேரும் போயாச்சு. மிச்சம் இருந்தது ஒரு குள்ளர் இனத்துப் பூசாரி. கையில சுத்தியல், உடம்புல சங்கிலிக் கவசம். மத்தவங்களுக்கு அடிபட்டா வைத்தியம் பாக்கற வேலை.

"பேரு வெச்சுக்கோ"ன்னாங்க. கருப்பன்னு வெச்சேன். அவங்க வாயில அது "காரப்பன்" ஆயிடுச்சு. காரமா இருந்தாலும் பரவாயில்லன்னு விட்டுட்டேன்.

அப்புறம் என் பையில என்னென்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் எழுதினோம். படுக்கை, சுருட்டின கயிறு, தண்ணித் தோல்பை, பத்து நாள் கட்டுச்சோறு, பத்துத் தீப்பந்தம். இதுல ஒரு வேடிக்கை. குள்ளருங்களுக்கு இருட்டுல கண்ணு தெரியும். எங்க மந்திரவாதிக்கோ சொடுக்குப் போட்டா வெளிச்சம் வரும். அதனால பந்தத்துக்கு வேலையே இல்ல. "இதை வித்துடலாமா?"ன்னு கேட்டேன். டிஎம் அக்கா, "வெச்சுக்கோ, கனமா என்ன"ன்னாங்க.

கதை ஆரம்பம். மாட்டு வண்டியில சரக்கு ஏத்திட்டு ஒரு ஊருக்குப் போறோம். வழியில ரெண்டு குதிரை செத்துக் கிடக்கு. புதர்ல கோப்ளின்னு குட்டிச்சாத்தானுங்க ஒளிஞ்சிருக்கு. (இந்தக் கதையை இனிமே ஆடப்போறவங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க.) என் முறை வந்துச்சு. டிஎம் அக்கா கேட்டாங்க:

"காரப்பன், நீ என்ன பண்ணப்போற?"

நான் திருப்பிக் கேட்டேன், "என்னென்ன ஆப்ஷன் இருக்கு?"

"ஆப்ஷன்லாம் கிடையாது. நீ என்ன பண்ணப்போற?"

சிரிக்காதீங்க, எனக்குக் கண்ணைக் கட்டிடுச்சு. பத்தாவது, பன்னெண்டாவது, கவுன்சிலிங், கேம்பஸ் இன்டர்வியூ, எல்லாத்துலயும் எனக்குக் கிடைச்சது நாலு விடை. அதுல ஒண்ணை டிக் அடிச்சே இருபத்திரண்டு வயசு வரைக்கும் வந்துட்டேன். விடையே இல்லாம வெறும் கேள்வியை மட்டும் ஒருத்தர் கையில குடுக்கறது அதுதான் முதல் தடவை. சுத்தியலால அடிக்கறேன்னேன். உருட்டச் சொன்னாங்க. கோப்ளினோட தற்காப்பு எண் 15. எனக்குக் கூடுதல் 4 உண்டு. ஆக 11 அல்லது அதுக்கு மேல விழணும். இருபதுல பத்து வாய்ப்பு, பாதிக்குப் பாதி. விழுந்தது 17.

"அடிச்சுட்டே. அது விழப்போகுது. கொல்றியா, மயக்கம் போட வெக்கறியா?"

அட, இப்படியும் ஒரு வழி இருக்கா? மயக்கம் போட வெச்சேன். கயிறால கட்டினேன். கண்ணு முழிச்சதும் என் கட்டுச்சோத்துல கொஞ்சம் குடுத்து, "உன் ஊரு எது?"ன்னு கேட்டேன். மத்த நாலு பேரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. டிஎம் அக்கா ஒரு நிமிஷம் யோசிச்சு, மூக்கால பேசற ஒரு குரலை எடுத்துவிட்டாங்க பாருங்க! அந்தக் கோப்ளின் அடுத்த ரெண்டு மாசம் எங்க வண்டியிலேயே கூட வந்துச்சு. புத்தகத்துல அப்படி ஒரு வரியே கிடையாதுன்னு அப்புறம்தான் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி மைனஸ் இருபதுல பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு, அடுத்த வாரம் அதுகிட்ட என்ன கேக்கலாம்னு யோசிச்சுட்டிருந்தேன். அந்த ஊருக்கு வந்ததிலேர்ந்து அடுத்த வாரம்னு ஒண்ணை நான் எதிர்பார்த்தது அதுதான் முதல்ல.

பொட்டி தட்டறவன் ஆச்சே, கணக்கைப் பாக்காம இருக்க முடியுமா? எனக்குக் கட்டை ஒண்ணும் புதுசு இல்ல. எங்க அம்மாயி (அம்மாவைப் பெத்தவங்க) தாயத்துல புலி. லீவுக்குப் போனா திண்ணையில சாக்பீஸால கட்டம் போட்டு உக்காந்துடுவாங்க. பித்தளைக் கட்டை ரெண்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம்: வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு. ஒண்ணும் வெறுமையும் விழுந்தா தாயம். மொத்தம் பதினாறு விதத்துல விழலாம், அதுல தாயம் ரெண்டே ரெண்டு. அதாவது எட்டுல ஒரு வாய்ப்பு. தாயம் விழாம காய் உள்ளேயே போகாது. அரைமணி நேரம் வெளியிலேயே உக்காந்து நான் அழுத கதையெல்லாம் உண்டு. "அழுவாத கண்ணு, உருட்டு, விழுவும்"பாங்க.

டி அண்ட் டியில இது தலைகீழ். இருபது மூஞ்சிக் கட்டையில ஒண்ணு விழுந்தா அடி தப்பிச்சு. இருபது விழுந்தா ரெட்டை அடி. ரெண்டுமே நூத்துக்கு அஞ்சு. சூழ்நிலை சாதகமா இருந்தா, கட்டையை ரெண்டு தடவை உருட்டிப் பெருசை எடுத்துக்கலாம்னு ஒரு விதி உண்டு. அப்போ என்னோட பாதிக்குப் பாதி வாய்ப்பு முக்கால் ஆயிடும். ரெண்டு தடவையும் தோத்தாத்தானே தோல்வி, அது அரையில அரை, கால். இவ்ளோ சின்ன விதி, அதுக்குள்ள இவ்ளோ அழகான கணக்கு. புராபபிலிட்டி பேப்பர்ல பார்டர்ல பாஸான எனக்கே புரிஞ்சுது :-)

அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் இருந்த ஊரே இந்த ஆட்டத்துக்குப் பாதி பொறந்த வீடுன்னு. மினியாபோலிஸும் பக்கத்துல ஒட்டிட்டிருக்கிற செயின்ட் பாலும் இரட்டை நகரங்க. 1960கள்ல இங்க பொம்மைப் படைங்களை வெச்சுப் போர் ஆடற ஒரு கூட்டம் இருந்துச்சு. அதுல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர், 1969 வாக்குல, நெப்போலியன் காலத்து ஊர் ஒண்ணைக் கற்பனை பண்ணி, படைக்குப் பதிலா ஆளுக்கு ஒரு மனுஷனைக் குடுத்து ஆட வெச்சார். அந்தக் கூட்டத்துல இருந்த டேவ் ஆர்னசன் அதை எடுத்து, ஒரு கோட்டை, அதுக்குக் கீழ சுரங்கம், உள்ள பூதங்கன்னு மாத்தி, செயின்ட் பால்ல தன் அப்பா அம்மா வீட்டு பேஸ்மென்ட்ல நடத்தினார். பேரு பிளாக்மூர்.

அஞ்சாறு மணி நேரம் கார்ல போனா விஸ்கான்சின்ல லேக் ஜெனீவான்னு ஒரு சின்ன ஊர். அங்க இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை பார்த்த கேரி கைகாக்ஸ்னு ஒருத்தர், 1971ல இன்னொருத்தரோட சேர்ந்து செயின்மெயில்னு போர் விதிங்க எழுதியிருந்தார். ஆர்னசன் தன் ஆட்டத்தை அவருக்குக் காட்ட, ரெண்டு பேரும் சேர்ந்து 1974ல போட்டதுதான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மூணு சின்னப் புத்தகம், ஒரு பெட்டி, விலை பத்து டாலர். முதல் தடவை அடிச்சது ஆயிரம் பிரதிதான். ஆரம்பத்துல ஹாபிட்டுங்க இருந்தாங்க. டோல்கீனோட உரிமை வெச்சிருந்தவங்க ஆட்சேபிச்சதும் அவங்க "ஹாஃப்லிங்" ஆயிட்டாங்க. கைகாக்ஸ் 2008ல காலமானார், ஆர்னசன் 2009ல. யாரோட பங்கு எவ்ளோங்கற சண்டை கோர்ட் வரைக்கும் போச்சு. நான் செயின்ட் பால்ல குடியிருந்தவன், எந்தப் பக்கம்னு கேக்கவே வேணாம்.

இதையெல்லாம் ஆர்வமா வீட்டுக்கு போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன்.

"ஏஞ்சாமி, சூதாட்டமா இது?"

"இல்லம்மா, காசெல்லாம் கிடையாது."

"காசில்லாம எதுக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கட்டைய உருட்டுறீங்க?"

பதில் சொல்லத் தெரியல. 1980கள்ல அமெரிக்க அம்மாங்களும் இந்த ஆட்டம் பசங்களைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்குதுன்னு பயந்து சங்கமே வெச்சிருக்காங்க. அதுக்கு எங்கம்மா எவ்ளவோ தேவலை. போனை அம்மாயி வாங்கி ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஜெயிச்சியா கண்ணு?"

இந்த ஆட்டத்துல ஜெயிக்கறது தோக்கறதுன்னு ஒண்ணும் இல்ல அம்மாயி, கதை முடியற வரைக்கும் எல்லாரும் சேந்து போகணும், அவ்ளோதான்னு சொன்னேன். "அதென்ன ஆட்டம்"னு சிரிச்சாங்க.

மார்ச்ல எல்லாம் மாறிப்போச்சு. அந்த மாசக் கடைசியில மினசோட்டாவுல வீட்டோட இருங்கன்னு உத்தரவு. அதுக்கு முன்னாடியே இந்தியாவுக்குப் போற விமானங்க நின்னுடுச்சு. எங்க சனிக்கிழமை ஆட்டம் டிஸ்கார்டுக்கு மாறுச்சு. பீட்சா இல்ல, அவனவன் ரூம்ல அவனவன் தக்காளி சாதம்.

மே மாசம், ஒரு புதன்கிழமை, அம்மாயி போயிட்டாங்க. கொரோனா இல்ல, வயசு. தூக்கத்துலயே. சாவுக்கு இருபது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு சட்டம். நான் இருபத்தொண்ணாவது ஆளாக்கூட இல்ல. வாட்ஸப் வீடியோவுல பாத்தேன். எங்க பக்கம் பேரன் பேத்திங்கதான் நெய்ப்பந்தம் பிடிக்கணும். மாமா பையன் ரெண்டு பந்தம் பிடிச்சான். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்குன்னு அம்மா சொன்னாங்க. நடுவுல நெட் கட்டாயிடுச்சு. திரும்ப வந்தப்போ எடுத்துட்டுப் போயிட்டாங்க.

நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு இங்கிலீஷ்ல எனக்கு வார்த்தையும் இல்ல. சனிக்கிழமை வழக்கம் போல லாகின் பண்ணினேன். ரூம்ல சும்மா உக்காந்திருக்கறதுக்கு அது மேல்.

கதையில அன்னிக்கு, நாங்க அவ்ளோ மாசமா தேடிட்டிருந்த சுரங்கத்துக்குள்ள நுழையறோம். வாசல்லயே ஒரு பிணம். செத்து நாளான ஒரு குள்ளர். இது எனக்காக வெச்சது இல்ல, அச்சடிச்ச புத்தகத்துலயே இருக்கறதுதான். மத்தவங்க பூட்ஸைக் கழட்டலாமா, பையில என்ன இருக்குன்னு பேச ஆரம்பிச்சாங்க. டிஎம் அக்கா, "ஒரு நிமிஷம். காரப்பன், இது உன் ஆளு. நீ பூசாரி. என்ன பண்ணப்போற?"ன்னாங்க.

முன்னாடி இருந்த பேப்பரைப் பாத்தேன். தீப்பந்தம், 10.

"ஒரு பந்தத்தைக் கொளுத்தறேன்"னேன். அஞ்சு மாசத்துல முதல் தடவையா. "அவரைச் சுத்தி வர்றேன். மூணு சுத்து. அப்புறம் கட்டுச்சோத்துல ஒரு பிடி எடுத்து அவர் வாயில போடறேன்." என்ன சொல்றேன்னு கேட்டாங்க. எனக்கு வேற பாஷை வரல. அம்மாயி ஊருக்குக் கிளம்பறப்போ எனக்குச் சொல்றதைத்தான் சொன்னேன், தமிழ்லயே. பாத்துப் போங்க, போய்ச் சேந்ததும் சொல்லுங்க.

மைக்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல. திருடன் பாத்திரம் கட்டின பையன், எப்பவும் ஜோக் அடிக்கறவன், "நானும் பக்கத்துல நிக்கறேன்"னான். அப்புறம் ஒவ்வொருத்தரா நானும் நானும்னாங்க. பழக்கதோஷத்துல நான் கட்டையை எடுத்தேன். டிஎம் அக்கா சொன்னாங்க, "வேணாம். இதுக்கு உருட்ட வேணாம்."

பத்துங்கறதை அடிச்சு ஒம்பதுன்னு எழுதினேன்.

ஆட்டம் முடிஞ்சதும் அக்கா தனியா மெசேஜ் பண்ணி, "யாரு?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். அடுத்த நாள் வாசல்ல ஒரு பாத்திரத்துல சூப் இருந்துச்சு. ஆறடி தள்ளி நின்னு கைய ஆட்டிட்டுப் போயிட்டாங்க.

இது பெருசா எதையும் சரி பண்ணிச்சுன்னு சொல்ல வரல. பிடிக்காத பந்தம் பிடிக்காததுதான். ஆனா அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு அழுகை வந்துச்சு, தூக்கமும் வந்துச்சு.

மிச்சக் கதை சுருக்கமா. படிப்பு முடிஞ்சு அங்கேயே வேலை. எச்1பி குலுக்கல்ல மூணு வருஷம் பேரைப் போட்டு மூணு தடவையும் விழல. அந்த உருட்டலுக்கு ரெண்டாவது கட்டை எல்லாம் கிடையாது. 2024ல பெங்களூர் வந்து சேந்தேன். அவங்க சனிக்கிழமை சாயங்காலம் நமக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலை. மாசம் ஒரு தடவை அலாரம் வெச்சு எந்திரிச்சு இன்னமும் ஆடறேன்.

புதுசா ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. 2023 ஜனவரியில, இதை வெளியிடற கம்பெனி லைசென்ஸை இறுக்கப் பாத்து, ஆடறவங்க கொந்தளிச்சுட்டாங்க. கடைசியில அடிப்படை விதிங்களை எஸ்ஆர்டி 5.1ங்கற பேர்ல கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டாங்க. அதாவது யார் வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டா மொழிபெயர்க்கலாம், தமிழ்லயும். முன்னூறு பக்கத்துக்கு மேல இருக்கேன்னு மிரளாதீங்க. முதல் நாளைக்கு ஒரு இருபது மூஞ்சிக் கட்டை, பேப்பர், பென்சில், ரெண்டு மணி நேரம் போனை எட்டப் பாக்காத மூணு பேர் போதும். அந்த மூணு பேரைத் தேடறதுதான் கஷ்டம்.

நான் தேடினது சொந்தத்துலயே. போன மே லீவுல அம்மாயி வீட்டுத் திண்ணையில, அக்கா பசங்களையும் மாமா பையனோட பொண்ணையும் உக்கார வெச்சு தமிழ்லயே நடத்தினேன். கோப்ளினுக்குக் குட்டிச்சாத்தான், குகைக்கு நம்ம சென்னிமலைப் பக்கத்துப் பாறை இடுக்கு. வண்டியில கரும்பு. பெரியவன் எடுத்த எடுப்புலேயே வெட்டறேன் குத்தறேன்னான். மாமா பையன் பொண்ணுக்கு ஏழு வயசு. ரொம்ப நேரம் யோசிச்சுட்டுக் கேட்டா:

"மாமா, அந்தக் குட்டிச்சாத்தானுக்கு அம்மா இருக்காங்களா?"

புத்தகத்துல அப்படி ஒரு வரி கிடையாது. மூக்கால பேசற ஒரு குரலைத் தேடி எடுத்துக்கிட்டு, "இருக்காங்க, உள்ள சமைச்சுட்டிருக்காங்க"ன்னு சொன்னேன். அவ கரும்பை எடுத்துட்டு உள்ள போயிட்டா. பெரியவன் இன்னமும் கத்தியோட வாசல்லயே நிக்கறான். அடுத்த லீவுக்குத் தொடரும்.

டிஸ்கி: கட்டை வாங்கறவங்க ரெண்டு செட்டா வாங்குங்க. ஒரு கட்டை கண்டிப்பா பீரோவுக்கு அடியில போகும்.